சிவப்புக் கொடி... டயர் ஃப்ரீ!

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எங்க ஹாஸ்டல் ரூமில் இருந்து, ‘டேய்... ரெட் ஃபிளாக்டா!’ என்று ஒரு அலறல் கேட்டால், பக்கத்து ரூம்காரன் பயப்பட மாட்டான். தட்டில் இருக்கிற மேகியோடு ஓடி வருவான். எவனோ சுவரில் மோதிவிட்டான், எங்களுக்கு லாட்டரி அடித்துவிட்டது என்று அர்த்தம்!

மேட்டர் இதுதான். 2023 ஜூனில் ரிலீஸான ‘எஃப்1 23’ கேம் ரூம்மேட்டின் லேப்டாப்பில் இருக்கிறது. நாலு பேர், ஒரே ஒரு கன்ட்ரோலர். ஒரு ரேஸுக்கு ஒருத்தன் டிரைவர். மீதி மூணு பேரும் கட்டிலில் உட்கார்ந்து, ‘டயர் போச்சு மச்சி, உள்ளே வா’ என்று உயிரை வாங்கும் ரேஸ் இன்ஜினீயர்கள். (மாத்ஸ் அரியரை க்ளியர் பண்ண இதில் பாதி அக்கறை காட்டியிருந்தால் போதும். சரி, அது வேற கதை.)

அதற்கு முந்தைய சில வருட எடிஷன்களில் விபத்து நடந்தால் சேஃப்டி கார் வரும், எல்லாரும் அதன் பின்னால் ஊர்வலம் போகணும், அவ்வளவுதான். எஃப்1 23-ல்தான் ரேஸையே நிறுத்துகிற சிவப்புக் கொடி திரும்ப வந்தது. பெரிய விபத்து என்றால் ரேஸ் அப்படியே நிற்கும். உடனே டயரை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் எல்லாரும் மறுபடி கிரிட்டில் வரிசையாக நின்று, சிவப்பு விளக்கு அணைந்ததும் புதுசாக ஒரு ஸ்டார்ட். பதினஞ்சு செகண்ட் முன்னால் போய்க்கொண்டு இருந்தவனின் லீட் மொத்தமும் காலி!

சூட்சுமம் அந்த டயரில் இருக்கிறது. மழை இல்லாத ரேஸில் குறைந்தது ரெண்டு வகை டயர் ஓட்டியே ஆகணும். அதற்காக பிட்டுக்குள் போனால் இருபது செகண்டுக்கு மேல் அவுட். ஆனால், ரேஸ் நின்றிருக்கும்போது மாற்றினால் நஷ்டம் ஜீரோ. அதனால் நாங்க கண்டுபிடித்த டெக்னிக்... பிட்டுக்குப் போகாதே, இழு. தேய்ந்த டயரிலேயே தம் கட்டி ஓட்டு. எவனாவது இடிப்பான். மொனாக்கோ மாதிரி சந்துபொந்து டிராக் என்றால், ‘இடிடா... எவனாவது இடிடா’ என்று மூணு பேர் கோரஸாக வேண்டுவோம்.

இது கேம் பண்ணினவர்களின் கற்பனை இல்லை. நிஜ விதியே அப்படித்தான். 2020 மோன்ஸா ரேஸில் மற்றவர்கள் டயர் மாற்றப் போனபோது லான்ஸ் ஸ்ட்ரோல் மட்டும் போகவில்லை. லெக்லெர்க் மோதி சிவப்புக் கொடி வந்தது. ஸ்ட்ரோலுக்கு ஓசியில் புது டயர்! மூணாவதாக முடித்தார். 2021 சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டாப்பனோடு உரசியதில் ஹாமில்டனின் சக்கரமும் அடிவாங்கியது. சிவப்புக் கொடி நேரத்தில் அதைச் சரி பண்ணி, பத்து செகண்ட் பெனால்டியையும் தாண்டி ஜெயித்தார். 2024 மொனாக்கோ இன்னும் காமெடி. முதல் சுற்றிலேயே விபத்து, ரேஸ் நிறுத்தம், எல்லாரும் டயரை மாற்றியாச்சு. அப்புறம் எவனுக்கு பிட்டுக்குப் போகிற அவசியம்? முதல் பத்து பேரும் கிளம்பின அதே வரிசையில் வந்து சேர்ந்தார்கள். எஃப்1 சரித்திரத்தில் அதுவரை அப்படி நடந்ததே இல்லை.

இதெல்லாம் மண்டைக்குள் ஏறின நிலையில்தான், எங்க காலேஜ் கோ-கார்ட் டீமோடு ஒரு போட்டிக்குப் போனேன். நாங்களே வெல்டிங் அடித்த வண்டி. நான் பிட்டில் ஸ்பேனர் பார்ட்டி. எண்டியூரன்ஸ் ரேஸில் பாதி தூரம் தாண்டும்போது, வண்டி எங்களைக் கடக்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம். செயின் லூஸ். உள்ளே கூப்பிட்டால் மூணு சுற்று போகும். கூப்பிடாவிட்டால் செயினே போகும். என்னடா பண்றது என்று முழித்துக்கொண்டு இருந்தபோது மார்ஷல் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

‘சூப்பர்டா!’

கத்தினது நான்தான். கத்தினதோடு இல்லை, 13-ம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடவும் ஆரம்பித்துவிட்டேன்.

வழியில் ஓர் அதிகாரி கையை நீட்டி நிறுத்தினார். “தம்பி, வண்டியைத் தொடக் கூடாது. நம்ம ரூல்ல ரெட் ஃபிளாக்னா எல்லாம் அப்படியே நிக்கணும்” என்றார். கடுப்போடு திரும்பினபோதுதான், பக்கத்து பிட்டில் வேறு காலேஜ் டீஷர்ட்டோடு ஒருத்தன் நிற்பதைக் கவனித்தேன். கையில் தண்ணி பாட்டில். அவன் டிராக்கின் கடைசித் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான். அங்கே டயர் அடுக்கின் மேல் ஒரு கார்ட் கவிழ்ந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் போய்க்கொண்டு இருந்தது.

நான் கத்தினது அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்க அவ்வளவு தூரம் இல்லை.

அப்புறம் நாப்பது நிமிஷம். கேமில் இந்த நாப்பது நிமிஷமே கிடையாது. ஸ்கிரீன் மாறும், டயரைத் தேர்ந்தெடுப்போம், கிரிட்டுக்குப் போவோம். 2020 பஹ்ரைனில் க்ரோஷான் காரோடு தடுப்பில் மோதி, 28 செகண்ட் நெருப்புக்குள் இருந்து வெளியே வந்தார். அந்தத் தடுப்பைச் சரிசெய்து ரேஸ் மறுபடி கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2014 சுசுகாவில் மழையில் ஜூல்ஸ் பியான்கியின் கார், வேறொரு காரை அகற்ற வந்திருந்த கிரேன் வண்டியில் மோதியது. அந்த ரேஸ் திரும்பக் கிளம்பவே இல்லை. அடுத்த வருஷம் ஜூலையில் அவர் இறந்துபோனார். 2022-ல் அதே சுசுகாவில், அதே மாதிரி மழையில், டிராக்கில் நின்ற ஒரு கிரேன் வண்டியைத் தாண்டிப் போன காஸ்லி ரேடியோவில் கொதித்தார். இதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும். யூடியூபில் எத்தனையோ தடவை பார்த்தாச்சு. தெரிந்துதான் ‘சூப்பர்டா’ கத்தினேன்.

கொஞ்ச நேரம் கழித்து நானே அந்தப் பையனிடம் போனேன். “யாரு ப்ரோ?” என்றேன். “எங்க ஜூனியர். ஃபர்ஸ்ட் டைம் ஓட்டுறான்” என்றான். “ஸாரி ப்ரோ” என்றேன். எதுக்கு என்று அவன் கேட்கவில்லை. என் கையில் இருந்த ஸ்பேனரை ஒரு தடவை பார்த்தான். பாட்டிலை நீட்டினான். வாங்கிக் குடித்தேன். நம்பர் வாங்கிக்கொண்டேன்.

ரேஸ் மறுபடி கிளம்பின ரெண்டாவது சுற்றில் எங்க செயின் அறுந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

அன்றைக்கு ராத்திரி ரூமில் வழக்கம்போல கேம் ஓடியது. என் டர்ன். மொனாக்கோ. எனக்கு முன்னால் ஒருத்தன் சுவரில் செருகினான், கொடி வந்தது, மூணு பேரும் கட்டிலில் இருந்து துள்ளினார்கள். நான் டயரை மாற்றினேன். மாற்றாமல் என்ன செய்ய? கேம்தானே! கிரிட்டில் விளக்குக்காகக் காத்திருக்கும்போது போன் அதிர்ந்தது. வாட்ஸ்அப்.

‘ஜூனியருக்குக் காலர் போன்தான் ப்ரோ. ஆறு வாரம் கட்டு. தூங்கறான்.’

அடுத்து இன்னொரு மெசேஜ்.

‘உங்க செயின் என்ன ஆச்சு?’

பதில் டைப் பண்ணி முடிப்பதற்குள் விளக்கு அணைந்து, பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். கட்டிலில் இருந்து ஒரு தலையணை பறந்து வந்தது.