திருமலையில் உருண்ட பகடை

காட்பாடியில் ரயிலேறினால் சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதியை அடையலாம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பதி, 2022-இல் தனி மாவட்டமாயிற்று. திருமலைக்குச் செல்லும் நாம் அங்கே கேட்கும் கதையொன்று உண்டு. வடநாட்டிலிருந்து வந்த ஹாதிராம் பாவாஜி என்னும் துறவியுடன் வேங்கடவன் பகடை ஆடினான் என்பர். அவர் பெயரால் அமைந்த மடத்தின் மகந்துகளே 1843 முதல் 1933 வரை கோயிலை நிர்வகித்து வந்தனர். பகடைக்கு ஆண்டவன், ஆண்டி என்ற பேதமில்லை என்பதே அக்கதையின் இனிமை.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க நம் இல்லங்களில் விரிக்கும் பரமபதப் படமும் இத்தகையதே. அங்கே திறமைக்கு வேலையில்லை. கட்டை விழுந்தபடி காய் நகரும். ஏணி ஏற்றும், பாம்பு இறக்கும். கற்றறிந்த தந்தையை எழுத்தறியாப் பாட்டி வெல்வாள். பாட்டியை ஐந்து வயதுப் பேரன் வெல்வான். தோற்றவர்க்கு வெட்கமில்லை, வென்றவர்க்குச் செருக்கில்லை. இன்றும் திருமலையில் சில ஆர்ஜித சேவைகளுக்குரியோரைக் கணினிக் குலுக்கலே தேர்ந்தெடுக்கிறது.

ஆயின் பணம் பந்தயமானால் இவ்வின்பம் நஞ்சாகும். பல குடும்பங்களைக் கெடுத்த பரிசுச் சீட்டைத் தமிழ்நாடு 2003-இல் தடை செய்தது.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குப் பாட்டியின் தமிழ் முழுதும் விளங்குவதில்லை. பேச்சு தடைப்படும் இடத்தில் தாயக்கட்டை பேசும். அன்பர்களே, அடுத்த முறை ஊர் சென்று திரும்புகையில், லட்டுப் பிரசாதத்தோடு ஒரு பரமபதப் படமும் கொண்டு வருவோமாக!