குடத்துக்குள் யார் பெயர்?

அன்புள்ள மருமகளுக்கு,

பி.எஸ்சி. சைக்காலஜியில் சேரட்டுமா என்று நீ கேட்டு ஒரு வாரம் ஆகிறது. "உன் அத்தை அமெரிக்காவில் அதைத்தானே படிக்கிறா, அவளையே கேள்" என்று அண்ணன் நழுவிக்கொண்டாராம். படிக்கிறேன் என்பதெல்லாம் பெரிய பேச்சு. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் ஊழியர்கள் செமஸ்டருக்கு ஒரு பாடம் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். அந்தச் சலுகையில், என் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளோடு உட்கார்ந்து உளவியல் அறிமுகப் பாடத்தை முடித்தேன். இருந்தாலும் உனக்குச் சொல்ல நிறைய சேர்ந்துவிட்டது. ஃபோனில் சொன்னால் பாதியில் உங்கள் ஆயா வாங்கிக்கொண்டு, சாப்பிட்டியா, குளிருதா என்று ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் மடல்.

முகத்தைப் பார்த்ததும் மனதில் இருப்பதைச் சொல்லும் வித்தையை அங்கே யாரும் கற்றுத்தருவதில்லை. நரம்பு, மூளை, கண், தூக்கம், ஞாபகம், பழக்கம், குழந்தை வளர்ப்பு என்று போய், மனநோய்ப் பாடம் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். சினிமா தியேட்டர் மாதிரி ஒரு ஹால், மேலே கடைசி வரிசை வரை தலைகள். அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்த அறிமுகப் பாடத்தைப் படிக்கிறார்கள். பெரும்பாலோர் நர்ஸாகவோ என்ஜினீயராகவோ கணக்குப்பிள்ளையாகவோ ஆகப்போகிறவர்கள். பரீட்சை என்றால் நாலு விடையில் ஒன்றுக்குக் கறுப்பு வட்டம்.

பரீட்சைக்கு உதவுவது அந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன். 1885-இல் எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்து எழுதிவைத்தார். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் ஒரு பகுதியைச் சிலரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். சிலரைப் படித்தபின் மூடிவைத்துவிட்டு நினைவுக்கு வருவதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களுக்கு மேல் கை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. கலர் கலராகக் கோடு போட்டுப் படிக்கும் உன் பழக்கத்தை நான் ஃபோட்டோவில் பார்த்திருக்கிறேன். புத்தகத்தை மூடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாடத்தில் மதிப்பெண் பெறப் பரீட்சை மட்டும் போதாது. துறையில் நடக்கும் ஆய்வுகளுக்கு மாணவர்கள் போய் உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் பொத்தானை அழுத்து, படத்தைப் பார், படிவத்தை நிரப்பு. போன நேரத்துக்குக் கிரெடிட். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதுதான் வழக்கம். பேராசிரியருக்கு ஆள் கிடைக்கிறது, பிள்ளைகளுக்கு மதிப்பெண் கிடைக்கிறது. நானும் ஆசையாகப் பட்டியலைத் திறந்தேன். ஒன்றில் வயது 18 முதல் 25. ஒன்றில் வலக்கைக்காரர்கள் மட்டும். இன்னொன்றில் தாய்மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு, ஒரு குற்றமும் சொல்லவில்லை. ஆனால் எல்லாச் சல்லடையும் சேர்ந்து என்னைக் கச்சிதமாக வெளியே தள்ளிவிட்டன.

அப்போது எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. உங்களையும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போயிருப்பார்களே, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்! பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எங்கள் பேராசிரியர் முதல் வாரமே சொன்ன 'சமவாய்ப்புத் தேர்வு' அதுதான். சிறுவனின் கையில் வஞ்சனை கிடையாது. ஆனால் ஓலை குடத்துக்குள் போவதற்கே தகுதி வேண்டும் என்று அதே சுவர் சொல்கிறது: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35-லிருந்து 70, வேதப் பயிற்சி. நம் வீட்டார் யார் ஓலையும் அதற்குள் போயிருக்காது. பெண்கள் பேச்சே இல்லை.

உளவியலின் குடமும் சின்னதுதான். 2008-இல் ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முக்கியமான ஆறு ஆய்விதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார். சோதிக்கப்பட்டவர்களில் 68 சதவீதம் அமெரிக்கர்கள். மேற்கத்திய, தொழில்வள நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் 96 சதவீதம். ஆளுமை, சமூக உளவியலுக்கான இதழில் அமெரிக்க ஆய்வுகளில் மூன்றில் இரண்டு பங்கு உளவியல் படிக்கும் இளநிலை மாணவர்களை வைத்தே நடந்தவை. என்னோடு அந்த ஹாலில் உட்கார்ந்து, கிரெடிட்டுக்காகப் பொத்தான் அழுத்தும் அதே பிள்ளைகள். அடுத்த பதிப்புப் பாடநூலில் 'மனிதர்கள் இப்படித்தான்' என்று வரப்போகிறவர்கள் இவர்கள்தான். 2010-இல் ஜோசப் ஹென்றிக்கும் இரண்டு நண்பர்களும் இதையே நீளமாக எழுதி, இந்தக் கூட்டம் உலகத்தின் மாதிரி இல்லை, பல விஷயங்களில் உலகத்திலேயே விலகி நிற்கும் கூட்டம் என்றார்கள்.

அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்றைக் கேள். ஒரே நீளத்தில் இரண்டு கோடு. ஒன்றின் இரு முனையிலும் அம்புத்தலை உள்பக்கம் மடங்கியிருக்கும், மற்றதில் வெளியே விரிந்திருக்கும். விரிந்ததுதான் நீளம் என்று கண் சாதிக்கும். முல்லர்-லையர் என்று பெயர், எந்தப் பாடநூலைத் திறந்தாலும் இருக்கும். 1901, 1902-இல் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ்காரர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் இந்தக் கோட்டைக் காட்டினார். இங்கிலாந்துக்காரர்கள் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. 1905-இல் ஆய்விதழில் அச்சிட்டும் விட்டார். சதுரமான அறையும் மூலையுமாக வாழ்கிற கண்ணுக்குத்தான் இந்த மயக்கம் அதிகம் என்று 1966-இல் வேறு மூவர் பல நாட்டு மக்களைச் சோதித்துச் சொன்னார்கள். காரணம் அதுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என் பாடநூலில் கோடு இருந்தது. தோடர் இல்லை. ஊட்டிக்குப் போய்த் தோடர் சால்வை வாங்கி வரும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, என் கிரெடிட்டுக்கு வருகிறேன். ஆய்வுக்கு உட்கார முடியாதவர்களுக்கு வேறு வழி வைத்தே ஆக வேண்டும் என்பது விதி. அச்சான ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் கிரெடிட். நான் தேடிப் பிடித்தது 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. எழுதியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ். சோதிக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள்.

அண்ணி பிறந்த ஊரில் கரும்புதானே, இந்த இடத்தை அவரிடம் படித்துக் காட்டு. நெல்லைப்போல இஷ்டப்பட்ட நாளில் கரும்பை அறுக்க முடியாது. ஆலை ஒரே நாளில் எல்லார் கரும்பையும் அரைக்காது. வெட்டு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவருக்கு முன்னால், பக்கத்து வயல்காரருக்கு மாதங்கள் கழித்து. காசு ஆண்டுக்கு ஒரு தடவை கைக்கு வரும், ஆகவே வெட்டுக்கு முந்தைய மாதங்கள் வறட்சி, பிந்தையவை செழிப்பு. ஆய்வில் வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள், வெட்டுக்குப் பின் 4 சதவீதம். சேட்டுக் கடை வாசலில் நின்றவர்களுக்கு இந்த எண் புதிதில்லை. புதிது, அதை வைத்து ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி: அதே மனிதரின் மூளை இரண்டு காலத்திலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா?

ஏழையையும் பணக்காரரையும் ஒப்பிட்டால் படிப்பு, சாப்பாடு, வளர்ந்த விதம் எல்லாம் குறுக்கே வரும். ஒரே ஆளை வெட்டுக்கு முன்னும் பின்னும் சோதித்தால் ஆள் மாறவில்லை, பணம் மட்டும் மாறியிருக்கிறது. மழை, வெயில், பண்டிகை காரணமாக இருக்கலாமே என்றால், ஒவ்வொருவருக்கும் வெட்டு வெவ்வேறு மாதம் என்பதால் அந்தச் சந்தேகமும் பெரும்பாலும் அடிபடுகிறது. இரண்டாம் தடவை என்பதால் பழகிப்போய் நன்றாகச் செய்திருக்கலாமே என்றால், அதற்காகவே ஒரு பகுதியினரை முதல் சுற்றில் விட்டுவிட்டு, வெட்டுக்குப் பிறகு மட்டும் சோதித்தார்கள். நம் விவசாயிகளை ஆண்டாண்டாக அலைக்கழிக்கும் வெட்டு உத்தரவை இப்படி ஒரு அளவுகோலாக்கிய புத்தியை நினைத்து எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது.

சோதனையும் அழகு. வழக்கமாக நிறத்தின் பெயரை வேறு நிறத்தில் எழுதி மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வார்கள். எழுத்தறியாதவருக்கு அது ஆகாது. அதனால் எண்கள்: '5 5 5' என்று காட்டி, எத்தனை இலக்கம் என்று கேட்பது. மூன்று என்று சொல்ல வேண்டும், வாய் ஐந்து என்று பாயும். அடக்கிச் சொல்லிப் பார், உனக்கே தெரியும். இதோடு படப் புதிரும் உண்டு. வெட்டுக்கு முன்பு அதே விவசாயிகள் இரண்டிலும் பின்தங்கினார்கள். பணமுடை மனதில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, யோசிக்க மிச்சம் இருப்பது கொஞ்சம் என்பது ஆசிரியர்களின் விளக்கம்.

இதை வாட்ஸ்அப்பில் 'வறுமை மூளையைக் கெடுக்கும், விஞ்ஞானம் நிரூபித்தது' என்று அனுப்பிவிடாதே. 2016-இல் வேறு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தபோது அப்படி வித்தியாசம் கிடைக்கவில்லை. மாதச் சம்பளமும் வருடக் கரும்பும் ஒன்றா என்று நான் என் இரண்டு பக்கத்தில் கேட்டேன். திருத்தியவர் ஓரத்தில் 'நல்ல கேள்வி' என்று எழுதி முழு கிரெடிட் கொடுத்தார், விடை கொடுக்கவில்லை. உளவியலில் இது அடிக்கடி நடக்கும். 2015-இல் பெரிய குழு ஒன்று வெளியான நூறு ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை. துறை தன் அழுக்கைத் தானே தெருவில் போட்டு அலசுவது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்கள் இந்தப் படிப்புக்கு வரவேண்டாம்.

எனவே, சேரு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இலேயே ஜி.டி. போவாஸ் தலைமையில் இந்தத் துறை தொடங்கிவிட்டது, நேற்று முளைத்த படிப்பு இல்லை. ஆனால் மூன்று வருடம் முடித்ததும் போர்டு மாட்டி ஆலோசனை சொல்லலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் மேலே படித்து, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்ய வேண்டும். அண்ணனுக்கு இந்த மேற்படிப்புச் செலவை முன்பே சொல்லிவிடு. மூளையின் பாகங்களையும் படிக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்.

ப்ராஜெக்ட் என்று வரும்போது ஹாஸ்டல் தோழிகள் முப்பது பேரிடம் படிவம் நீட்டி முடித்துவிடாதே, எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். நம் தென்னேரியில் ஒரகடம் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களைப் பார். இந்த வாரம் பகல் ஷிஃப்ட், அடுத்த வாரம் ராத்திரி ஷிஃப்ட். அதே ஆள், இரண்டு வாரம், '5 5 5' அட்டை. யாருக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பது மாறி மாறி வருவதால் வேலை பாதி முடிந்தது. அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்கு, பெயரை எழுதாதே, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து இறங்கியதும் மறித்துக்கொண்டு நிற்காதே. அட்டையை நான் செய்து பி.டி.எஃப். அனுப்புகிறேன், வாலாஜாபாத்தில் லேமினேஷன் போட்டுக்கொள்.

விண்ணப்பம் கடைசித் தேதி என்ன என்று உன் அப்பாவுக்குத் தெரியவில்லை. பார்த்து எழுது.

அன்புடன்,
அத்தை