டர்போ எண்ணெய் தள்ளினால்

மரக்காணத்தில் இரும்புக்குச் சீக்கிரமே வயதாகிவிடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே போகிறவர்கள் பாத்தி பாத்தியாக விரியும் உப்பளங்களையும் வெள்ளைக் குவியல்களையும் பார்த்தபடியே கடந்துவிடுகிறார்கள். அங்கேயே நாள் முழுக்க ஓடும் வண்டிகளால் அப்படிக் கடந்துவிட முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் உப்புப் பருவம் மழைக்காலம் வரை நீள்கிறது. முன்பு பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் போன உப்பு இப்போது லாரியிலும் பிக்கப்பிலும் போகிறது. காற்றிலும் உப்பு, சாலையில் சிந்திக் கிடப்பதிலும் உப்பு. இந்தக் காற்றைத்தான் இன்ஜின் மூச்சாக இழுக்கிறது. அதை முதலில் வாங்கி அழுத்தி உள்ளே அனுப்புவது டர்போ.

டர்போவின் நோயைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றுதான் கழுவெளி ஏரிப் பக்கம் இருக்கும் அந்தச் சாலையோரப் பட்டறைக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு பிட், சுவரோரம் பழைய டயர்கள். வேலை செய்பவர்கள் இரண்டே பேர்: ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர், அவரிடம் தொழில் பழகும் பையன் ஒருவன். ஊருக்கே அவர் அண்ணன்தான். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பிட்டின் மேல் நின்றது ஒரு டீசல் டாக்சி. ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். வண்டி அவருடையதே, தவணை இன்னும் முடியவில்லை. "காலைல ஸ்டார்ட் பண்ணா நீலமா பொகையுதுண்ணே. சிக்னல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு எடுத்தாலும் பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிக்கிறான். ஆயிலும் குறையுது." வேறோரிடத்தில் டர்போ போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்ன விலை அவருடைய சில மாதத் தவணை.

அண்ணன் பதில் சொல்லவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் திறந்தார்.

இங்கே டர்போவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்துகிறது. 1905-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை பெற்ற யோசனை இது. முதலில் கப்பல்களுக்கும் பெரிய இன்ஜின்களுக்கும் போனது. இன்று மரக்காணத்துக்கு வடக்கே, மாமல்லபுரம் பக்கத்துப் பையனூரிலேயே டர்போ தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. சிறிய காரின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். அந்த வேகத்தைச் சாதாரண பால் பேரிங் எளிதில் தாங்காது. அதனால் பெரும்பாலான டர்போக்களில் ஷாஃப்ட் ஒரு பித்தளை புஷ்ஷுக்குள், எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. புஷ்ஷைச் சுற்றியும் எண்ணெய்தான். எண்ணெய் ஒரு கணம் நின்றால் உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கிவிடும்.

எண்ணெய் வெளியே வராமல் தடுப்பது ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய இரும்பு வளையம். அதுவும் முழுசாக அடைப்பதில்லை. இரண்டு பக்கமும் இருக்கும் காற்றழுத்தமும் புகையழுத்தமும் எண்ணெயை நடுவிலேயே நிறுத்தி வைக்கின்றன. உள்ளே வரும் எண்ணெய் பம்ப்பின் அழுத்தத்தில் வருகிறது. வெளியேறும்போது அதைத் தள்ள எதுவும் இல்லை, தன் எடையில் கீழே வழிந்து இன்ஜினுக்குப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் நல்ல டர்போவும் எண்ணெய் தள்ளும். டர்போவை மாற்றியும் புகை நிற்காத வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். நான் இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், இது தெரியாமல் கடன் வாங்கி டர்போ மாற்றியவர்கள் இந்தக் கடற்கரையில் மட்டுமல்லாமல் எங்கும் இருப்பதுதான்.

ஃபில்டர் வெளியே வந்தது. காகித மடிப்புகளுக்குள் தூசி உலர்ந்த பொடியாக இல்லை. ஈரம் பட்டுக் களிம்பாக அப்பியிருந்தது. "உப்பு ஈரத்தை இழுக்கும் சார். மத்த ஊர்ல தட்டிப் போட்டா ஓடும். இங்க தட்டுனா கொட்டாது," என்றார் அண்ணன். ஃபில்டர் அடைத்தால் டர்போ காற்று கிடைக்காமல் வெறுமனே உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் எண்ணெயும் காற்றுப் பக்கம் இழுபடும். பாதிக் காரணம் இங்கேயே கிடைத்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

ஹோஸைக் கழற்றியதும் உள்ளே எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தது. ஓட்டுநரின் முகம் மாறியது. "லேசா நனைஞ்சிருந்தா பயப்படாத தம்பி, அது பிரீதர் வழியா வர்ற ஆயில் ஆவி. எல்லா வண்டிலயும் இருக்கும். குட்டையா நின்னாதான் கேள்வி." குனிந்து பார்த்தார். நனைவைவிட அதிகம், குட்டையைவிடக் குறைவு.

அடுத்து விரலை உள்ளே விட்டார். இன்ஜின் நன்றாக ஆறியபிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஷாஃப்ட் முனையிலுள்ள நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார், கொஞ்சம் ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்ததும் பலர் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எண்ணெய் வடிந்து நிற்கும்போது மிதக்கும் புஷ்ஷில் பக்க ஆட்டம் இருந்தே தீரும். கேள்வி வேறு: ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே சுற்றினால் சக்கரத்தின் இதழ் கூட்டில் உரசுகிறதா? உரசவில்லை. முன்னும் பின்னும் இழுத்தால் வருகிறதா? அந்தத் திசையில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது; விரலுக்குத் தெரிகிற மாதிரி வந்தாலே டர்போவின் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இதில் வரவில்லை.

பையனைக் கூப்பிட்டு அவன் விரலையும் வைக்கச் சொன்னார். பிறகு அலமாரியிலிருந்து செத்துப்போன டர்போ இரண்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் ஷாஃப்ட் முன்பின்னாகக் கடகடவென்றது. கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட்டில் நீலம் பாய்ந்திருந்தது, எண்ணெய் கிடைக்காமல் காய்ந்ததன் அடையாளம். இன்னொன்றில் இதழ் நுனிகள் மழுங்கித் தேய்ந்திருந்தன. ஃபில்டர் சரியாக உட்காராமல் மணல் தின்ற வண்டியுடையது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றையும் தொட்டு வித்தியாசம் சொல்ல வேண்டும். பையனுக்கு அதுதான் பாடம். எந்தப் புத்தகமும் இதை விரலுக்குக் கற்றுத் தராது.

இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திருகாமல் சும்மா வைத்தார். மூடி குதித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை அதிகம். அந்த அழுத்தமும் டர்போவின் எண்ணெயை வடியவிடாது. மூடி லேசாக நடுங்கியதோடு சரி. ஸ்பானரோடு பிட்டில் இறங்கி, டர்போவின் அடியிலிருந்து எண்ணெய் இறங்கும் குழாயைக் கழற்றினார். அதன் வாயில் சிவப்பு சிலிகான் பேஸ்ட் பிதுங்கி உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் கரிந்த எண்ணெய் படிந்து வழியே பாதியாகியிருந்தது. எப்போதோ யாரோ கேஸ்கெட்டுக்குப் பதில் தாராளமாகத் தடவிய பேஸ்ட். நின்ற வண்டியைக் கிளப்பினால் ஏன் புகைகிறது என்பதற்கு விடை அதுதான். மெதுவாக ஓடும்போது டர்போவுக்குள் காற்றழுத்தம் குறைவு. வடியாமல் தேங்கிய எண்ணெய் வளையத்தைத் தாண்டிவிடுகிறது.

ஓட்டுநர் அந்தப் பேஸ்ட் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

குழாயைத் துடைத்துப் புதுக் கேஸ்கெட் போடும்போது அண்ணன் ஒன்றை அழுத்திச் சொன்னார். எண்ணெய் தள்ளுவதை அலட்சியம் செய்தால் ஒருநாள் டீசல் இன்ஜின் அந்த எண்ணெயையே குடித்து, சாவியை எடுத்த பிறகும் வெறிபிடித்து ஓடும். "அப்ப பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை மிதிச்சு, கிளட்ச்சை விட்டு அணைக்கணும். கையை மட்டும் காத்துக் குழாய்ல வச்சிடாதீங்க." கியர் வண்டிக்குச் சரியான வழி அதுதான். டீசல் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

டர்போவையே மாற்ற வேண்டி வந்தாலும் வேலை பெட்டியைப் பிரிப்பதோடு முடிவதில்லை. எண்ணெய் வரும் குழாயை மாற்றவோ கழுவவோ வேண்டும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய எண்ணெயையும் உலோகத் துகளையும் வெளியேற்ற வேண்டும். புது டர்போவுக்குள் எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். காய்ந்த புஷ்ஷோடு கிளப்பினால் புதியதும் சில நிமிடங்களில் பழையதாகிவிடும்.

உப்புக் கரையின் பங்கு தனி. டர்போவின் பக்கவாட்டில், மிஞ்சிய புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவை இயக்கும் கம்பி இருக்கிறது. அதன் மூட்டு துருவேறி இறுகினால் வண்டிக்கு இழுவை போய்விடும், கரும்புகை வரும். பழி மறுபடியும் டர்போவுக்கே. அண்ணன் அதற்கு ஒரு பெரிய சிரிஞ்சை வைத்திருக்கிறார். ரப்பர் குழாயை மாட்டிக் காற்றைத் தள்ளினார், கம்பி முன்னே நகர்ந்தது, விட்டதும் திரும்பியது. இங்கே அவர் போடுவது ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் மட்டும்தான். உப்பு ஏற்றும் வண்டிக்காரர்களிடம் வாரம் ஒருமுறை இன்டர்கூலரை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்கிறார். நல்ல தண்ணீருக்கே அலையும் ஊரில் அது சுலபமில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

பில்லில் கேஸ்கெட், ஏர் ஃபில்டர், ஆயில், ஆயில் ஃபில்டர். கூலி என்று அவர் எழுதிய தொகை இவற்றில் எதைவிடவும் குறைவு. பொருளுக்குப் பணம் கொடுக்கத் தயங்காதவர்கள் பார்த்ததற்கு என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்களாம். டர்போவை மாற்றியிருந்தால் அவருக்கு லாபம் அதிகம். அரை நாள் தேடி அதை வேண்டாம் என்று சொன்ன கைக்குத்தான் கூலி குறைவு. இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை, அவரிடமே சொன்னேன்.

"அவன் வண்டி ஓடணும் சார், தவணை கட்டணும்," என்றவர், டிப்ஸ்டிக்கை இழுத்து ஓட்டுநரிடம் அளவைக் காட்டினார். "ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வா தம்பி. சைலன்சர்லயும் பைப்லயும் தேங்கினது எரிஞ்சு தீர்ற வரைக்கும் கொஞ்சம் பொகையும். அதுக்கப்புறமும் இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்குனா மறுபடி பிரிச்சுப் பாக்கலாம்."