வினாவைத் தேர்தல்

விடை காண்பதற்கு நம் பிள்ளைகளைப் பழக்குவதில் நாம் பெரிதும் ஊக்கம் காட்டுகிறோம். வினாவைத் தேர்வதற்குப் பழக்குவதைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை. பிழைப்பு நாடிப் பிற மாநிலம் வந்த குடும்பங்களுக்கு மதிப்பெண்ணே ஊன்றுகோல் என்பதால் இது வியப்பன்று. எனினும், வினாவைத் தேர்வதும் ஒரு கல்வியே என்பதை மும்பையில் பயிலும் என் மகளின் பாடமொன்று உணர்த்திற்று.

ஜெனீவாவில் 1968-இல் நிறுவப்பெற்ற இன்டர்நேஷனல் பேக்கலாரியேட் என்னும் அமைப்பின் ஈராண்டுப் படிப்பில் 'அறிவுக் கோட்பாடு' என்றொரு பாடம் உண்டு. நாம் அறிந்தனவாகக் கருதுவனவற்றை எவ்வாறு அறிந்தோம் என்று ஆராய்வதே அப்பாடத்தின் நோக்கம். தேர்வுப் பருவந்தோறும் ஆறு தலைப்புகள் அளிக்கப்படும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, 1600 சொற்களுக்கு மிகாமல் மாணவர் கட்டுரை வரைதல் வேண்டும். பாடத்தின் மதிப்பீட்டில் மூன்றில் இரண்டு பங்கு இக்கட்டுரைக்கே உரியது.

தலைப்புகள் வந்த அன்று, "இவற்றில் எது எளிது, அப்பா?" என்று மகள் கேட்டாள். "எதில் உனக்கே ஐயம் இருக்கிறதோ, அதைப் பார் அம்மா" என்றேன். முன்பே முடிவு செய்துவிட்ட வினாவை எடுத்துக்கொண்டால் கட்டுரை சொற்பொழிவாகிவிடும். அன்றியும், தலைப்பிலுள்ள 'எப்போதும்', 'மட்டுமே' போன்ற சிறு சொற்களில்தான் வழக்கின் முடிச்சு இருக்கும். அவற்றைக் கவனியாது கடப்பவர் கேளாத வினாவுக்கு விடை எழுதுவர். கையில் நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டா என்பதையும் தேர்வதற்கு முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வல்லுநர் சொல்லை நம்பி ஏற்பது அறிவாகுமா என்னும் பொருள்பற்றிய தலைப்பை அவள் நாடினாள். எடுத்துக்காட்டாகக் கீழடியைச் சொன்னாள். அங்கே 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியொன்று கி.மு. 580-ஐச் சார்ந்தது எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அவ்வகழாய்வில் கிடைத்துள்ளன.

"அந்த ஆண்டு எதற்கு உரியது?" என்றேன்.

"எழுத்துக்கு."

"எழுத்துக்கா, மாதிரிக்கா?"

அவள் சிறிது நேரம் பேசவில்லை. ஓட்டில் எழுத்து இருப்பதைக் கண் காண்கிறது. மாதிரியின் ஆண்டை ஆய்வுக்கூடம் சொல்லக் கேட்கிறோம். ஓட்டின் காலமோ, அது கிடந்த மண்ணடுக்கைக் கொண்டு உய்த்துணரப்படுவது. காட்சி, உரை, கருதல் என நம் முன்னோர் வகுத்த அளவைகள் மூன்றும் ஒரே செய்தியில் பின்னிக்கிடக்கின்றன. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை அளவைகளைப் பத்தாக விரித்துரைக்கின்றது. அருள்நந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியாரும் அளவையைப் பேசுகின்றது. மேலைநாட்டுப் பாடம் என்று அவள் எண்ணியிருந்தது, அவளுடைய தாய்மொழியில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் ஆராய்ச்சியே என்றறிந்து அவள் முகம் மலர்ந்தது.

பின்னர் மற்றொன்றும் கேட்டேன்: "ஆய்வுக்கூடம் கி.பி. 580 என்று சொல்லியிருந்தால், இதே உறுதியோடு நம்பியிருப்பாயா?"

"மாட்டேன். மறுமுறை சோதிக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள். சற்றே தயங்கி, "அப்படியானால் நான் நம்புவது வல்லுநரையா, என் ஆசையையா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வியைத் தாளின் தலைப்பில் எழுதினாள். அவளுடைய தேர்வு அங்கே முடிந்தது. கட்டுரையை எழுதுவது அவள் பணி. அதில் ஒரு வரியும் என்னுடையதன்று.

இதனால் கீழடியின் பெருமை குறைந்துவிடும் என்று அன்பர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழின் தொன்மை பெரும்பாலும் நம் வாய்ச்சொல்லாகவே சென்று சேர்கின்றது. நாளை கல்லூரியில் ஒருவர் மறுத்துரைக்கும்போது, கேட்டு மட்டும் வைத்திருந்த பெருமை தடுமாறும். ஆய்ந்து ஏற்ற பெருமை தன் சான்றுகளை எடுத்து வைக்கும். ஆதலின், நாம் போற்றுவனவற்றைப் பற்றியே பிள்ளைகள் வினவும்போது, அதனை அவமதிப்பாகக் கொள்ளாமல் அருகமர்ந்து செவிமடுப்போமாக. போற்றுதற்குரியது எதுவென்று அவர்கள் தாமே காண்பதற்கு அது வழியாகும்.