நிலையும் நிலைப்பும்

வாசற்காலுக்கு நிலை என்பது தமிழர் இட்ட பெயர். வீடு நிலைத்து நிற்பதற்கும் வாயில் மரத்திற்கும் ஒரே சொல் அமைந்தது பொருத்தமே. வெயிலும் மழையும் முதலில் தாக்குவது அந்த நிலையையும், திண்ணைத் தூண்களையும், தாழ்வாரத்துக் கைமரங்களையும்தான்.

வீரபாண்டியில் நமக்குப் பாட்டனார் காலத்து ஓட்டு வீடு ஒன்று உண்டு. சுற்றிலும் பனியன் கம்பெனிகளும் குடோன்களும் எழுந்துவிட்டன. தேக்குக் கதவையும் நான்கு தூண்களையும் கழற்றித் தந்தால் நல்ல விலை தருவதாகப் பழைய மர வியாபாரி ஒருவர் கேட்டார். இடத்தைக் குடோனாக்கலாம் என்பது இளையவர்களின் எண்ணம். “ஆண்டுதோறும் இதற்குச் செலவழிக்க யாரால் முடியும், பெரியத்தா?” என்று தம்பி மகன் வினவினார். நியாயமான வினா. அதற்கு விடை காண மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

தேக்கை அரபியில் ஸாஜ் என்பர். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் விரிவுபடுத்தியபோது கூரைக்கு ஸாஜ் மரம் இட்டார்கள் என்பதை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கோழிக்கோட்டில் மிஸ்கால் பள்ளி இருக்கிறது. மரத்தாலான மேல்மாடங்களை உடைய அப்பள்ளிக்கு 1510இல் போர்ச்சுக்கீசியர் தீயிட்டனர். பின்னர் அது புதுப்பிக்கப்பெற்று இன்றும் தொழுகைக்குப் பயன்பட்டு வருகிறது. தீப்பட்ட மரக்கட்டடமும், பேணுவார் இருப்பின் நூற்றாண்டுகளைக் கடக்கும்.

வெயில், மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கிறது. அதனால் தேக்கு சாம்பல் நிறம் கொள்ளும். பெரும்பாலும் அது மேல்தோலோடு நின்றுவிடும். அஞ்சத்தக்கது தேங்கிய ஈரமே. மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும். பக்கவாட்டைக் காட்டிலும் வெட்டுமுனை பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். தூணும் நிலையும் அடியிலிருந்தே கெடுவது இதனால்தான். தடித்த எனாமல் பூச்சு வெடித்தால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். நம் ஊரில் காற்றோடு வரும் பஞ்சுத் தூசும் செதுக்கு வேலைகளின் இடுக்கில் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது.

ஆகவே முதல் வேலை ஓடு மாற்றி ஒழுக்கை நிறுத்துவது. அடுத்து, குத்தூசியால் அடிமரத்தைக் குத்திப் பார்த்தல். மெத்தென்று இறங்கும் பகுதியை மட்டும் சாய்வாக அறுத்தெடுத்து, அதே இன மரத்தை ஒட்டுப் போட்டால் போதும். முழுத் தூணை மாற்ற வேண்டுவதில்லை. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பது ஆபத்து. வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டலாகாது என்னும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். நனைத்தே தேய்க்க வேண்டும்; சிறுவர் அருகில் நிற்கலாகாது.

மரம் நன்கு உலர்ந்தபின் லின்சீட் எண்ணெயை மெல்லியதாகப் பூசி, மிகுதியைத் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்க நம் ஊரில் பனியன் வேஸ்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவ்வெண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றும். அதை விரித்து உலர்த்துக. அல்லது நீரில் அமிழ்த்துக.

கணக்கிட்டுப் பார்த்தோம். தூண்களின் அடிக்கு ஒட்டுப் போட்டு முதல் பழுதை நீக்கத்தான் பெருஞ்செலவு. அதன்பின் ஆண்டுக்குத் தச்சருக்கு ஓரிரு நாள் கூலியும் சிறிது எண்ணெயுமே வேண்டும். உடன்பிறந்தார் மூவருக்குப் பங்கிட்டால் எவருக்கும் சுமையில்லை. தம்பி மகன் கணக்கைத் தம் கையாலேயே எழுதிப் பார்த்து, மூன்றாண்டு முயன்று பார்ப்போம் என்று இசைந்தார். வியாபாரிக்கும் மறுமொழி சொல்லியாயிற்று.

பழைய வீடுடைய குடும்பத்தார், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒரு காலைப் பொழுதை இதற்கென ஒதுக்குவார்களாக. தூசு தட்டி, அடிமரம் பார்த்து, எண்ணெய் பூசும் அவ்வேளையில் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும். நாளை அந்த நிலையைக் காக்க வேண்டியவர்கள் அவர்களே.