கட்சிக்காகப் பேசியவர்கள்

நம் ஊர்களில் கட்சிக்காரர் என்றால் பேசுகிறவர். ஓட்டுப் போடுவது எப்போதோ ஒருநாள் வரும் வேலை. பேசுவது அன்றாட வேலை. டீக்கடை பெஞ்சில், சலூனில், கல்யாணப் பந்தியில், சம்பந்தி வீட்டுத் திண்ணையில் என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அவர் தன் கட்சிக்காக வாதாடுவார். அதற்காக யாரும் அவருக்குப் படி அளப்பதில்லை. மாறாக, அந்தப் பேச்சால் உறவு கெட்டவர்கள் உண்டு, கடையில் கடன் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. இருந்தும் பேசினார்கள்.

ஒருவர் தன் கட்சியை மனத்தால் விட்டு விலகுவது எப்போது என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன். ஊழலால் என்பார்கள். ஆனால் "எவன் செய்யல?" என்ற ஒரே கேள்வியில் ஊழலைக் கடந்துபோன தொண்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தோல்வியாலும் இல்லை. தோற்ற கட்சியை நம்மவர்கள் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குப் புரிந்தவரை மனம் முறிவது வேறோர் இடத்தில். கட்சிக்காக அவர் நாலு பேர் முன்னால் அடித்துச் சொன்ன சொல்லை, ஒருநாள் காலையில் கட்சியே பொய்யாக்கிவிடுகிறது. பத்திரிகையைப் பிரிக்கிறார். நேற்றுவரை யாரை ஆகாது என்று பேசினாரோ அவரோடு தன் தலைவர் சால்வை மாற்றிக்கொண்டு நிற்கிறார். தலைவருக்கு அது ஒரு தேர்தல் ஏற்பாடு. இவருக்கோ, அன்றைக்கும் அதே டீக்கடைக்குப் போயாக வேண்டும்.

1996ஐ நினைத்துக்கொள்கிறேன். அன்றைய ஜெயலலிதா ஆட்சியின் மீது தமிழ்நாடு முழுக்கக் கோபம் இருந்தது. 1995ல் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரம் வீடுதோறும் பேச்சாக இருந்தது. ஊர் ஊராக அந்த ஆட்சியை எதிர்த்துப் பேசியவர்களில் காங்கிரஸ்காரர்களும் இருந்தார்கள். அந்த நேரத்தில், டெல்லியில் காங்கிரஸ் தலைவராக இருந்த நரசிம்ம ராவ் மறுபடியும் அதிமுகவோடுதான் கூட்டணி என்று முடிவெடுத்தார். தமிழகக் காங்கிரஸ் கொந்தளித்தது. தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் மூத்த தலைவர் மூப்பனார் வெளியே வந்து தமிழ் மாநில காங்கிரஸை (தமாகா) தொடங்கினார். திமுகவோடு சேர்ந்து, மக்களுக்குப் பழகவே நேரமில்லாத சைக்கிள் சின்னத்தில் நின்றது அந்தக் கட்சி. சட்டமன்றத்தில் 39 இடங்கள், மக்களவையில் 20 இடங்கள். பழைய கை சின்னத்தோடு நின்ற காங்கிரஸுக்குச் சட்டமன்றத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

அந்த வெற்றிக்கு ரஜினியின் ஆதரவையும் கருணாநிதி–மூப்பனார் கூட்டணியின் பலத்தையும் காரணமாகச் சொல்கிறோம். இரண்டும் உண்மைதான். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, கீழே இருந்தவர்களின் வெட்கத்தை மேலே இருந்த ஒருவர் தன் வெட்கமாக எடுத்துக்கொண்டார் என்பது. "இந்தக் கூட்டணியை எங்க தெருவுல எப்படி நியாயப்படுத்துவோம்?" என்று கிளையில் எழுந்த கேள்வி ஒரு கட்சியையே பிறக்க வைத்தது. தமிழக அரசியலில் தொண்டனின் சொல் இவ்வளவு தூரம் மேலே ஏறிய வேறு சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

ஐந்தே ஆண்டுகள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமாகா அதிமுகவோடு கூட்டணி வைத்தது. எந்தக் கைகுலுக்கலைப் பொறுக்காமல் அந்தக் கட்சி பிறந்ததோ, அதே கைகுலுக்கல். மூப்பனார் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 1999ல் திமுக பாஜகவோடு போய்விட்டது. மதச்சார்பின்மை பேசிய தமாகா அந்தத் தேர்தலில் திமுக, அதிமுக இரண்டையும் விட்டு விலகி நின்று ஓர் இடமும் பெறவில்லை. எந்தப் பக்கம் போனாலும் பழி என்ற நிலை அவருக்கு. ப. சிதம்பரம் அந்த முடிவை ஏற்காமல் தனியே போனார். 2001ல் தமாகாவுக்கு 23 இடங்கள் கிடைத்தன. கணக்கில் பார்த்தால் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆகஸ்டில் மூப்பனார் காலமானார், மறு ஆண்டு கட்சி காங்கிரஸோடு இணைந்துவிட்டது. பின்னால் 2014ல் அதே பெயரில் கட்சி மீண்டும் வந்தது. 1996ல் வந்த கூட்டம் வரவில்லை. ஒருமுறை தங்கள் சொல்லைக் காப்பாற்றிய கட்சி என்பதால், இரண்டாம் முறை பட்ட அடி அவர்களுக்கு ஆழமாகப் பட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் அந்தர்பல்டி அடித்த எல்லாக் கட்சிகளும் அழிந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். அழியவில்லை. திமுகவையே எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31ல் அதன் ஆட்சி கலைக்கப்பட்டது. மிசா சட்டத்தில் கட்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். சிறையில் பட்ட அடியால் கட்சியின் எம்பி சிட்டிபாபு உயிரையே விட்டார். கட்சிக்காரர் வீடுகளில் இந்திரா காந்தியின் பெயரைச் சொன்னாலே பெண்கள் சாபம் விட்ட காலம் அது. நான்கு ஆண்டுகளுக்குள், 1980 தேர்தலை ஒட்டி, நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக என்று கலைஞர் வரவேற்றார். மக்களவைத் தேர்தலில் அந்தக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ல் வென்றது.

எப்படித் தாங்கியது அந்தத் தொண்டர் படை? எனக்கு ஒரு பதில் இருக்கிறது. கட்சி நாளேடான முரசொலியில் கலைஞரின் கடிதம் வந்தது. 'உடன்பிறப்பே' என்று தொடங்கும் அந்தக் கடிதம், தலைவர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதைத் தொண்டனுக்கு அவனுக்குப் பழகிய மொழியில் சொன்னது. அதிலிருந்த வாதம் சரியா தவறா என்பது வேறு. காலையில் படிப்பகத்தில் முரசொலியை உரக்கப் படித்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவனின் கையில் ஒரு பதில் இருந்தது. "தெரியுமாய்யா, தலைவர் என்ன எழுதியிருக்காருன்னு?" என்று அவனால் தொடங்க முடிந்தது. தன்னை மதித்து ஒருவர் விளக்கம் சொல்கிறார் என்ற உணர்வு, எவ்வளவோ கசப்பை விழுங்க வைக்கும். அந்தக் கடிதங்களை வெறும் பிரசாரம் என்று ஒதுக்குகிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பிரசாரம்தான்; ஆனால் கடைசித் தொண்டனுக்கும் தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று ஒரு தலைவர் ஒப்புக்கொண்ட வடிவமும் அதுவே.

வைகோ தொடங்கிய மதிமுகவின் கதை என்னை மிகவும் வருத்துவது. 1993ல் வைகோ திமுகவிலிருந்து நீக்கப்பட்டபோது, அதைத் தாங்க முடியாமல் தொண்டர்கள் தீக்குளித்து மாண்டார்கள். வாரிசுக்காக ஒரு தளபதியை வெளியேற்றுகிறார்கள் என்பதுதான் அன்று அந்த இளைஞர்கள் மேடைக்கு மேடை பேசிய வாதம். படித்தவர்கள், வாசிக்கிறவர்கள், ஈழத்துக்காக உருகியவர்கள் என்று எந்தக் கட்சியும் பொறாமைப்படும்படியான ஒரு கூட்டம் அவர் பின்னால் வந்தது. 1999ல் அதே திமுகவோடு ஒரே அணி. 2002ல் ஜெயலலிதா அரசு அவரைப் பொடா சட்டத்தில் கைது செய்து வேலூர் சிறையில் வைத்தது. 2004ல் திமுக அணி. 2006ல், சிறை வைத்த ஜெயலலிதாவோடு கூட்டணி. 2011ல் தேர்தல் புறக்கணிப்பு. 2014ல் பாஜக அணி, 2016ல் மக்கள் நலக் கூட்டணி, அதன்பின் மறுபடியும் திமுக. 2021ல் மதிமுக போட்டியிட்ட ஆறு தொகுதிகளிலும் அதன் பம்பரம் சின்னம் இல்லை, திமுகவின் உதயசூரியன்தான் இருந்தது. அதே ஆண்டு வைகோவின் மகன் கட்சிப் பொறுப்புக்கு வந்தார்.

வைகோவின் உழைப்பையும் அவர் நடந்த தூரங்களையும் நான் மதிக்கிறேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது, மணிக்கணக்கில் பேசவும் செய்தார். ஆனால் விளக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மனிதர் தன் மச்சினனிடம் எத்தனை முறைதான் வாதத்தை மாற்றிப் பேசுவார்?

மச்சினன் என்று சும்மா சொல்லவில்லை. என் தாய்மாமன் ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். என் அப்பா எதிர்க்கட்சி. பொங்கலுக்கு மாமா சீர் கொண்டுவந்தால், கரும்பைச் சாத்தி வைத்த கையோடு இருவருக்கும் வாதம் தொடங்கிவிடும். "அத்தான், நீங்க வேணா எழுதி வச்சுக்கங்க, எங்க தலைவர் உயிரே போனாலும் அவங்களோட சேர மாட்டாரு" என்று மாமா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த தேர்தலுக்குள் தலைவர் சேர்ந்துவிட்டார். அந்தப் பொங்கலுக்கும் மாமா வந்தார். அப்பா எதையும் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் விவசாயத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் நாணி நிற்கும்போது அவனைக் குத்தக் கூடாது என்ற பெருந்தன்மை அவரிடம் இருந்தது. அப்பா கேலி செய்திருந்தால் மாமா ஏதாவது எதிர்வாதம் கண்டுபிடித்திருப்பார், அந்தப் பொங்கலை எப்படியோ கடந்திருப்பார். அதன் பிறகும் அவர் கட்சி மாறவில்லை. கரைவேட்டியை விடவில்லை, அதே சின்னத்துக்கே ஓட்டுப் போட்டார். பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். கிளைக் கூட்டத்துக்கு ஆள் அனுப்பினால் உடம்பு சரியில்லை என்பார்.

வாக்குச் சதவீதத்தை வைத்துக் கட்சியின் செல்வாக்கை அளப்பவர்களுக்கு மாமாவைப் போன்றவர்கள் தெரிவதில்லை. எண்ணிக்கையில் அவர்கள் இன்னும் கட்சியின் ஓட்டுதான். 1967ல் காங்கிரஸ் ஆட்சியை இழந்தபோதுகூட நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஓட்டு வாங்கியிருந்தது. வீட்டுக்குள் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் போன மகனிடமும், ரேஷன் கடையில் அரிசிக்கு நின்ற மனைவியிடமும் பதில் சொல்ல முடியாமலே அந்தக் கதர்ச்சட்டைக்காரர்களில் பலர் பழையபடி ஓட்டுப் போட்டிருப்பார்கள். 1971ல் இந்திரா காங்கிரஸ் திமுகவோடு உடன்பாடு செய்துகொண்டு சட்டமன்றத்துக்கு ஓர் இடத்தில்கூடப் போட்டியிடவில்லை. காமராஜரின் பழைய காங்கிரஸ் சுதந்திராக் கட்சியோடு சேர்ந்து எதிரணியில் நின்றது. எது தன் கட்சி என்று தெரியாமல் வளர்ந்த ஒரு தலைமுறை அங்கே உருவானது. அதன் பிறகு இன்றுவரை காங்கிரஸ் இங்கே ஆட்சிக்கு வரவில்லை.

அதிமுக இந்த வாதத்துக்குள் முழுதாக அடங்காது. அங்கே சொல்லைவிட முகம் பெரிது. எம்ஜிஆர், பிறகு ஜெயலலிதா. முகத்தின் மேல் வைத்த நம்பிக்கைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 2016 டிசம்பருக்குப் பிறகு அந்த முகம் இல்லை. 2017 பிப்ரவரியில், முதல்வர் பதவிக்கான போட்டியில் தாங்கள் தேர்ந்தெடுத்த எம்எல்ஏக்கள் கூவத்தூர் விடுதியில் வைக்கப்பட்டிருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த இரட்டை இலைக்காரர்களிடம், அதைப் பற்றிப் பேச எந்தச் சொல்லையும் யாரும் கொடுக்கவில்லை.

இன்னொரு காயத்தையும் சொல்ல வேண்டும்: ஓட்டுக்குப் பணம். 2009ல் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அந்த ஊரின் பெயரே ஒரு ஃபார்முலாவுக்குப் பெயரானது. 2016ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017ல் ஆர்.கே.நகரிலும், 2019ல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. வாங்கிய மக்களைக் குறை சொல்லி எழுதுவது எளிது. அதை நான் செய்ய மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர், வாக்காளர் பட்டியலோடு வந்த பையனிடம் கேட்டார்: "எங்க வீட்டு ஓட்டுக்கு எதுக்குய்யா காசு?" பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "எல்லாருக்கும் குடுக்கச் சொல்லியிருக்காங்க பாட்டி." எல்லாருக்கும் என்ற அந்தச் சொல் அவரைத் தைத்தது. கட்சிக் கூட்டத்துக்குக் கைக்குழந்தையோடு நடந்து போனவர் அவர். இவ்வளவு காலம் அன்பால் கொடுத்ததற்கு இப்போது கூலி கணக்குப் பார்க்கிறார்கள். மகள் கொடுத்த சோற்றுக்குத் தகப்பன் காசு நீட்டியது போல இருந்தது அவருக்கு. பணத்தை வாங்கிப் பேரனிடம் கொடுத்துவிட்டார், அவர்கள் வீட்டில் அப்போது அது தேவையாகவும் இருந்தது.

சுவர் விளம்பரத்துக்கு இடம் பிடிக்க இரவெல்லாம் சுண்ணாம்பு அடித்த காலத்தில், கட்சிக்கு மாமா தேவைப்பட்டார். இன்று வாட்ஸ்அப் குழுக்களை நடத்தச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது, வியூகம் வகுக்க நிறுவனங்கள் இருக்கின்றன. கூட்டத்துக்கு வேன் வைத்து ஆள் கொண்டுவருகிறார்கள். டீக்கடையில் வாதாடும் மனிதர் இல்லாமலே தேர்தலில் வெல்ல முடியும் என்று கட்சிகள் நம்பத் தொடங்கிவிட்டன. அவர் என்ன நினைப்பார் என்று கேட்பதும் அதனால்தான் நின்றுபோனது.

தேர்தல் நெருங்கினால் பொதுக்குழு கூடும். கூட்டணி குறித்து முடிவெடுக்கத் தலைமைக்கு முழு அதிகாரம் அளிக்கிறோம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போடுவார்கள். கட்சிக்குக் கட்சி வழக்கமாகிவிட்ட அந்த ஒரு தீர்மானத்தை இனி எந்தக் கட்சியும் போடக் கூடாது என்பது என் விருப்பம். யாரோடு சேரலாம், யாரோடு சேரவே கூடாது என்பதைக் கிளைக் கூட்டத்தில் வைத்துக் கேட்கட்டும். கை தூக்கி எண்ணட்டும். பேரம் கெட்டுவிடும், ரகசியம் வெளியே போய்விடும் என்று மாவட்டச் செயலாளர்கள் சொல்வார்கள். உண்மையாகவே சில இடங்கள் குறையலாம். முடிவு தொண்டனுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். பிடிக்காத முடிவு என்றால், மாவட்டச் செயலாளரே அந்தக் கிளைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும், பத்திரிகையில் படம் வருவதற்கு முந்தைய நாளே.