போகம்பரையில் ஓடியவன்

கண்டியில் விளையாட்டு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அஸ்கிரியாதான் ஞாபகம் வரும். மலைச்சரிவை வெட்டித் திரித்துவக் கல்லூரி உண்டாக்கிய அந்த மைதானத்தில்தான் 1983 ஏப்ரலில் அவுஸ்திரேலியா வந்து கண்டியின் முதல் டெஸ்ட்டை ஆடியது. 2007 டிசம்பர் 3ஆம் தேதி அங்கேதான் முத்தையா முரளிதரன் கொலிங்வுட்டை வீழ்த்தித் தன் 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து உலக சாதனை படைத்தார். கட்டுகஸ்தோட்டை அந்தோனியார் கல்லூரியில் படித்த நம்ம ஊர்ப் பிள்ளை உலகத்தையே முந்திவிட்டது என்று அன்றைக்குப் பூரித்துப்போனவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி டவுனுக்கு வரும் பிள்ளைகளுக்கு அஸ்கிரியா தூரத்தில் நின்று பார்க்கிற இடம். எங்கள் கால் பட்ட மண் போகம்பரை.

குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். கண்டி ராஜா காலத்தில் அங்கே குளம் இருந்தது, வெள்ளைக்காரர்கள் தூர்த்துவிட்டார்கள். பக்கத்திலேயே சிறைச்சாலை. 1876இல் கட்டியது, கைதிகளைப் பல்லேகலைக்குக் கொண்டுபோகும்வரை, 2014 வரைக்கும், அந்த மதிலுக்கு உள்ளே மனிதர்கள் இருந்தார்கள். நாங்கள் மைதானத்தில் கத்துகிற சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். தலையைத் தூக்கினால் ஹந்தானை மலை. காலையில் பனி இறங்கிக் கிடக்கும்; எட்டரை மணிக்கு மேல்தான் ஓடுபாதையின் சுண்ணாம்புக் கோடே தெளிவாகத் தெரியும். அந்தப் பனிக்குள் ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் தமிழிலும் பெயர் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பெயரை அறிவிப்பாளர் எப்படி உச்சரித்தாலும் பெயருக்குரியவனுக்குப் புரிந்துவிடும். எழுந்து ஓடுவான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இரண்டு வகுப்பு மேலே ஒரு அண்ணன் இருந்தார். எண்ணூறு மீற்றரும் ஆயிரத்தைந்நூறும் ஓடுவார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டார் இன்னும் அதே மலையில்தான் இருக்கிறார்கள். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை. லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற பாதையில் மற்றவர்கள் மூச்சு வாங்குவோம். அவர் ஏறிப்போய், மணி அடிப்பதற்குள் தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவிவிட்டு நிற்பார். மலையில் பிறந்தவனுக்கு நெஞ்சு பெரியது என்று எங்கள் விளையாட்டு ஆசிரியர் சொல்வார். அவரை வைத்துத்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மாகாணப் போட்டியில் அவர் எண்ணூறு மீற்றர் ஓடியது எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பக்கத்துப் பாதைகளில் டவுன் கல்லூரிப் பிள்ளைகள், ஆணிச் சப்பாத்து போட்டவர்கள். இவர் வெறுங்கால். முதல் சுற்றில் கடைசிக்கு முதல் ஆளாகத்தான் வந்தார். இரண்டாவது சுற்றில், சிறைச்சாலைப் பக்கத்து வளைவில், ஒவ்வொருவராகத் தாண்டத் தொடங்கினார். “அண்ணே! அண்ணே!” என்று நாங்கள் கத்தியதில் எனக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டாவதாக வந்தார். மேடையில் நிற்கும்போதும் பக்கத்தில் நின்றவனின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடத்துக்குள் ஒரு சோடி வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று வகுப்பில் காசு சேர்க்க ஆரம்பித்தோம்.

அடுத்த வருடம் அவர் ஓடவில்லை.

முதலில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வலி. “கால் வலிக்குது சேர்” என்று பயிற்சியில் ஒருநாள் உட்கார்ந்துவிட்டார். ஓடுகிற பிள்ளைக்குக் கால் வலிக்கத்தானே செய்யும் என்று எல்லோரும் நினைத்தோம். தைலம் தேய்த்தார்கள். முறிவு நெரிவு வைத்தியரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்தார்கள். கட்டு அவிழ்த்ததும் மறுபடி ஓடினார், மறுபடி உட்கார்ந்தார். ராத்திரியில் தூங்காமல் முனகுகிறான் என்று அவருடைய அம்மா எங்கள் அம்மாவிடம் பீலியடியில் சொன்னது எனக்குக் கேட்டது. பல மாதம் கழித்துக் கண்டிப் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது தொடையெலும்பின் கீழ்முனையில் கட்டி இருந்தது. எலும்புப் புற்றுநோய். அங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பையனைக் கூட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் போவதே ஒரு பாடு. சோதனைச் சாவடிகள், அடையாள அட்டை, எங்கே தங்குகிறாய் என்ற கேள்வி. அவருடைய அப்பா ஆஸ்பத்திரித் துண்டையும் தோட்டத்தில் வாங்கிய கடிதத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு போவார். ஒரு முறை போனால் மூன்று நாள் வேலையும் போகும், சம்பளமும் போகும். காலை எடுத்தார்கள். ஊன்றுகோலோடு திரும்பி வந்து எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பார்க்க வந்தார். அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றும்போது எங்கே தவறுகிறோம் என்று கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னது சரி. அந்த வருட மழைக்காலத்துக்குப் பிறகு நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது.

சப்பாத்துக்குச் சேர்த்த காசு வகுப்புத் தலைவனிடம் அப்படியே இருந்தது. அதில்தான் கிண்ணம் வாங்கினோம்.

ஞாபகார்த்தக் கிண்ணம் என்று நாடா கட்டி, தோட்டத்து மைதானத்தில் ஒருநாள் போட்டி. சுற்றுவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கையால் எழுதிய அழைப்பு அனுப்பினோம். கரப்பந்தாட்டம், நூறு மீற்றர், அஞ்சலோட்டம், கடைசியாக எண்ணூறு. மைதானம் என்பது தேயிலைக்கு நடுவே கிடந்த ஒரு சமதரை. முழு ஓடுபாதைக்கு இடம் போதாது. அதனால் எண்ணூறு மீற்றரை ஸ்டோரிலிருந்து கோயில்வரை போய் லயத்தைச் சுற்றி வரும் பாதையில் அளந்து வைத்தோம். அவர் தினமும் ஓடிய பாதை. கணக்கப்பிள்ளை ஐயா துப்பாக்கிக்குப் பதிலாகத் தகரம் தட்டினார். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்திலிருந்தும் பையன்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவன் போகம்பரையில் அவரோடு ஓடியவன். எண்ணூறை வென்றது அவன்தான். கிண்ணத்தைக் கொடுக்க அவருடைய அப்பாவைக் கூப்பிட்டோம். அவர் வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பையனின் காலைக் குனிந்து பார்த்தார். “வலி இருக்கா தம்பி?” என்று கேட்டார். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. யாரோ மொழிபெயர்த்தார்கள். இல்லை என்று தலையாட்டினான்.

அந்தப் போட்டி சில வருடம் நடந்தது. பிறகு நாங்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் கனடாவுக்கும் போனோம். நின்றுவிட்டது.

கனடாவில் என் மகள் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் செப்டெம்பரில் ஒரு துண்டு கொண்டுவந்தாள். டெரி பொக்ஸ் ஓட்டத்துக்குக் காசு. யார் இந்தப் பிள்ளை என்று வாசிக்க வாசிக்க எனக்குள் ஏதோ இறுகியது. டெரி பொக்ஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டக்காரர். 1976 கடைசியில் வலது முழங்காலில் வலி. விளையாட்டுக் காயம்தான் என்று நினைத்து, ஆட்டக்காலம் முடியும்வரை பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்து, முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். அப்போது அவருக்கு 18 வயது. 1980 ஏப்ரல் 12ஆம் தேதி செயற்கைக் காலோடு அத்திலாந்திக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மரதன் தூரம் என்று 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். செப்டெம்பர் 1ஆம் தேதி தண்டர் பே அருகே நின்றார். நோய் நுரையீரலுக்கு வந்திருந்தது. கனடாவின் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு டொலர் வீதம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார். 1981 பெப்ரவரியில் அந்தத் தொகை, 2 கோடியே 41 லட்சம் டொலர், சேர்ந்துவிட்டது. ஜூன் 28ஆம் தேதி அவர் இறந்தார். 23 வயதுகூட ஆகவில்லை. அந்த வருடம் செப்டெம்பரிலேயே அவர் பெயரால் முதல் ஓட்டம் நடந்தது. மூன்று லட்சம் பேர் ஓடினார்கள். இன்றுவரை 80 கோடி டொலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

அதே முழங்கால், அதே தவறான கணிப்பு, அதே நுரையீரல். ஒரு பிள்ளையின் பெயரை ஒரு நாடு முழுக்க ஒவ்வொரு வருடமும் சொல்கிறார்கள். இன்னொரு பிள்ளையின் கிண்ணம் எந்த வீட்டு அலுமாரியில் இருக்கிறதோ. காசு சேர்ந்த அளவை நான் ஒப்பிடவில்லை. டெரியின் ஓட்டத்துக்கு முன்னால் வகுப்பில் பிள்ளைகளுக்கு அந்த நோய் என்ன, எப்படி வந்தது என்று ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

எலும்புப் புற்றுநோய் மிக அரிது. முழங்கால் வலிக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது சுளுக்கோ தசைப் பிடிப்போதான். பெற்றோர் பயந்துவிட வேண்டாம். ஆனால் இந்த நோய் அதிகம் தேடிப் பிடிப்பது பத்து வயதுக்கும் இருபதுக்கும் இடைப்பட்டவர்களை. எலும்பு வேகமாக நீளுகிற இடத்தில், முழங்காலுக்குச் சற்று மேலேயோ கீழேயோ, பெரும்பாலும் தொடங்கும். விழுந்ததாலோ அடிபட்டதாலோ இது வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்தது கண்ணில் படுகிறது. அதனால்தான் விளையாடுகிற பிள்ளைகளிடம் இது ஒளிந்துகொள்கிறது. காலை எடுத்தாலும் ஐந்தில் நான்கு பேரைக் காப்பாற்ற முடியாத காலம் இருந்தது. 1970களில் மருந்துச் சிகிச்சை சேர்ந்தபின் நிலைமை மாறியது. நோய் பரவும் முன்பு பிடித்தால் இன்று பத்துப் பேரில் ஆறேழு பேர் பிழைக்கிறார்கள். பலருக்குக் காலையே எடுக்காமல் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். முன்பே பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் நாட்டிலும் புற்றுநோய்க்காக நடந்தவர்கள் உண்டு. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்குக்கு மக்கள் சேர்ந்து நடந்தார்கள். எங்கள் மலையிலிருந்து மகரகமைக்குச் சட்டைக்குள் கடிதம் வைத்துக்கொண்டு போன அந்த அப்பாவை நினைத்துக்கொண்டுதான் அந்தச் செய்தியை வாசித்தேன்.

கிண்ணங்களுக்கு வைக்கும் பெயர்கள் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. திரித்துவக் கல்லூரியும் ரோயல் கல்லூரியும் 1945 முதல் ஆடுகிற ரக்பிக் கேடயம் பிராட்பி என்ற அதிபரின் பெயரில் இருக்கிறது. பாடசாலைகளின் மெய்வல்லுநர் போட்டி ஒன்று சேர் ஜோன் டார்பட் பெயரில் நடக்கிறது. பெரியவர்களுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் கண்டி ஒரு சிறுவனை மறக்காத ஊரும்கூட. 1814இல் அரச தண்டனைக்கு அண்ணன் அஞ்சி நின்றபோது முன்னால் வந்து நின்ற மத்தும பண்டாரவை இருநூறு வருடம் கழிந்தும் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். ஓடி முடிக்காமல் போன பிள்ளைகளின் பெயரிலும் கிண்ணங்கள் இருக்கட்டும். அந்தப் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் அவனை ஒத்த வயதுப் பிள்ளைகள்தான். சொல்ல வேண்டியது அவர்களுக்குத்தான்.

எங்கள் வகுப்பில் மிச்சமிருப்பவர்கள் அந்தப் போட்டியை மறுபடி நடத்தப் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை அழைப்பிதழின் பின்பக்கத்தில் நாலு வரி அச்சிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கண்டியிலும் நுவரெலியாவிலும் மாத்தளையிலும் ஞாபகார்த்தப் போட்டி நடத்துகிற பழைய மாணவர் சங்கங்களிடமும், விளையாட்டு ஆசிரியர்களிடமும் அதையே கேட்கிறேன். பிள்ளைக்கு முழங்காலைச் சுற்றி வலி சில வாரம் கடந்தும் நிற்கிறதா, ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறதா, ஓய்விலும் குறையவில்லையா, வீக்கம் இருக்கிறதா? எண்ணெய்க் கட்டு போடும் முன்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது.